தொட்டியில் குளோரின்: எவ்வளவு? எவ்வளவு நேரம்?

மழைக்காலம் வந்தால் நம் குடியிருப்புகளில் மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடத் தொடங்குவோம். "ராத்திரியே போட்டாச்சு, காலைக்குள் கிருமியெல்லாம் செத்துப் போயிருக்கும்" என்பார் சொஸைட்டி செயலாளர். ஆனால் இரவு முழுதும் காத்திருந்தாலும் பிழைத்துக்கொள்ளும் கிருமிகள் உண்டு. ஏன் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மருந்து பட்டவுடன் கிருமிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாவதில்லை. மருந்தின் வலிமை மாறாமல் இருந்தால் சம நேரத்தில் சம விகிதத்தில் குறைகின்றன என்று 1908-ல் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். முதல் ஐந்து நிமிடத்தில் நூற்றில் தொண்ணூறு செத்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் மீதிப் பத்தில் ஒன்பது சாகும். அதே ஆண்டில் வாட்சன் என்பவர் மருந்தின் அளவையும் நேரத்தையும் தொடர்புபடுத்தினார். சுருங்கச் சொன்னால், அளவை நேரத்தால் பெருக்கி வருவதுதான் கணக்கு. அளவு பாதியானால் நேரம் இரட்டிப்பாக வேண்டும்.

ரயில்வேயில் இருந்தவனுக்கு இது பழகிய கணக்குதான். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருப்பதை நிமிடத்துக்கு 1 கிலோமீட்டர் வேகம் என்று கொள்ளுங்கள். வேகம் குறையாவிட்டால் 30 நிமிடத்தில் 30 கிலோமீட்டர் ஓடும். ஒரு கிருமியின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகக் குறைய 5 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டரில் ஆறு தடவை அப்படிக் குறையும். பத்து லட்சம் கிருமி ஒன்றாகிவிடும்.

ஆனால் குளோரின் அப்படியே நிற்பதில்லை. அடியில் படிந்த வண்டல், பாசி, உதிர்ந்த இலை எல்லாம் அதைத் தின்றுவிடுகின்றன. மூடியில்லாத தொட்டியில் வெயிலும் அழித்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது பாதியாகிறது என்று வையுங்கள். நம் வண்டி முதல் பத்து நிமிடத்தில் 7.2 கிலோமீட்டர், அடுத்த பத்தில் 3.6, அதற்கடுத்து 1.8 ஓடும். அரை மணியில் மொத்தம் 12.6 தான். பிறகு 0.9, 0.45 என்று ஊர்ந்து, எத்தனை மணி நேரமானாலும் 14.4-ஐத் தாண்டாது. பத்து லட்சத்தில் சுமார் 1,300 கிருமி மிஞ்சும். காத்திருந்து பயனில்லை, வண்டி நின்றுவிட்டது.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தொட்டியைக் கழுவிச் சுத்தம் செய்து, குளோரின் பாதியாக 10 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் ஆகும்படி செய்தால், அதே 1 மில்லிகிராம் நாலு மடங்கு தூரம், அதாவது கிட்டத்தட்ட 58 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. கூடுதலாக ஒரு கிராம் பவுடர்கூட வேண்டாம்.

கிருமிக்குக் கிருமி தூரமும் வேறுபடும். டைபாய்டு கிருமி பக்கத்து ஸ்டேஷன் என்றால், சில வைரஸ்கள் தூரத்து ஸ்டேஷன். இதை டில்லி பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1955 நவம்பரில் வஜீராபாத்தில் யமுனை நீர் எடுக்கும் இடத்தில் நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை கலந்தது. நீரில் படிகாரமும் குளோரினும் சேர்த்துத்தான் அனுப்பினார்கள். டைபாய்டு பெருகவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது ஹெபடைடிஸ் 'ஈ' வைரஸின் வேலை என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. சாக்கடை கலந்த நீரில் குளோரின் வேகமாகச் செலவாகிவிடும். பாக்டீரியாவை மடக்கப் போதுமாயிருந்தது வைரஸுக்குப் போதவில்லை.

ஆகவே எவ்வளவு போட்டோம் என்பதைவிட, அரை மணி கழித்து எவ்வளவு மிச்சம் என்பதே கேள்வி. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. வைரஸிடமிருந்தும் பாதுகாப்பு வேண்டுமானால் 0.5 மில்லிகிராம்.

நாம் செய்ய வேண்டியவை இவை. முதலில் தொட்டியைக் கழுவி, மூடி போடுங்கள். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. ஆகையால் 1,000 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரும். திறந்து வைத்த பழைய பவுடரில் இது குறைந்துவிடும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, புதிதாக வாங்கிப் பயன்படுத்துங்கள். அரை மணி கழித்துச் சோதித்துப் பாருங்கள். முன்பு ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் பார்ப்போம், இப்போது டி.பி.டி. மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு நிறம் பார்க்கிறார்கள். நிறம் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் பவுடர் சேர்த்து, மீண்டும் அரை மணி விட்டுப் பாருங்கள்.

சோதனையைத் தொட்டியில் மட்டும் செய்யாமல், கட்டடத்தின் கடைசிக் குழாயிலும் செய்வது நல்லது. அங்கே தண்ணீர் பிடிப்பவரும் நம் குடியிருப்பைச் சேர்ந்தவர்தானே!