முல்லரும் பிள்ளையும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலை, தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர் வாழ்ந்துவரும் பகுதி. அவர்களில் ஒருவர் வங்கிப் படிவத்தை நிரப்புகையில், ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்தில் பேனா சற்றே தயங்கும். தந்தையின் பெயரை எழுதுவதா, பட்டத்தை எழுதுவதா, வெற்றிடமாக விடுவதா?

ஜெர்மானியருக்கு இத்தயக்கம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் தொடக்கத்தில் ஒற்றைப் பெயரே இருந்தது. இடைக்காலத்தில் நகரங்கள் பெருகி, ஒரே ஊரில் பல யோஹான்கள் சேர்ந்தபோது, தொழிலே அடையாளமாயிற்று. கொல்லர் ஷ்மிட் ஆனார். நெசவாளர் வேபர் ஆனார். தானியம் அரைக்கும் ஆலைக்காரர் முல்லர் ஆனார். பின்னர் ஆலையைக் கண்ணால் காணாத பேரப்பிள்ளைகளுக்கும் அப்பெயரே நிலைத்தது. ஊருக்கு ஓர் ஆலை இருந்ததால் ஊர்தோறும் முல்லர்கள்! இன்றும் ஜெர்மனியில் மிகுதியாகக் காணப்படும் குடும்பப் பெயர் அதுவே. இருக்கு வேதத்தைப் பதிப்பித்த அறிஞர் (1823–1900), வெறும் ‘முல்லர்’ தம்மைத் தனித்துக் காட்டாது என்று கருதி, ‘மாக்ஸ்’ என்னும் தம் முற்பெயரையும் குடும்பப் பெயரோடு இணைத்துக்கொண்டார். நாம் அவரை ‘மாக்ஸ் முல்லர்’ என்றே அறிவது அதனால்தான்.

நம் ‘செட்டியார்’ வணிகத்தைக் குறிப்பது. பொருளளவில் முல்லருக்கு உறவு. ‘பிள்ளை’யோ மதிப்புப் பட்டம். திருவனந்தபுரத்தில் 1891-இல் பிறந்து, 1934-இல் பெர்லினில் மறைந்த விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளையின் பெயரில் ‘செண்பகராமன்’ என்பதும் திருவிதாங்கூர் மன்னர்கள் வழங்கிவந்த பட்டமே. ஐரோப்பியர் வழக்கப்படி நோக்கினால் ‘பிள்ளை’ அவரது குடும்பப் பெயர். இங்கேயோ அது பல குடும்பங்களுக்குப் பொது. தந்தை சின்னசாமியின் பெயரே முதலெழுத்தாக முன்னிற்கும்.

இவ்வேறுபாடு கணக்கேட்டிலும் எதிரொலிக்கிறது. பான் அட்டைக்கான விண்ணப்பத்தில் முதலெழுத்தை மட்டும் எழுத இயலாது, விரித்தெழுத வேண்டும். தனிநபருக்குரிய பான் எண்ணின் ஐந்தாம் எழுத்து, கடைசிப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தாகும். சு. முருகன் தம் தந்தை சுப்பையாவின் பெயரைக் கடைசிப் பெயராகத் தந்தால் அவ்விடத்தில் ‘எஸ்’ வரும்; பட்டத்தைத் தந்தால் வேறெழுத்து வரும். வங்கிக் கணக்கில் ஒருவாறும் பான் அட்டையில் மற்றொருவாறும் பெயர் இருப்பின், சரிபார்ப்பின்போது இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை வாடிக்கையாளரைச் சேரும். வாரிசுதாரர் உரிமை கோரும் வேளையில் அச்சுமை இன்னும் கனக்கும். ஆகவே, புதிய படிவத்தில் கையொப்பமிடுமுன் பழைய ஆவணங்களை ஒருமுறை எடுத்துவைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.