வராத வட்டியும் வந்த லாபமும்

ஜூன் 30, டிசம்பர் 31 ஆகிய இரண்டு நாளும் ஒரு காலத்தில் வங்கிகளுக்கு விடுமுறை. 'அரையாண்டுக் கணக்கு முடிப்பு' என்று கதவில் அட்டை தொங்கும். விடுமுறை வாடிக்கையாளருக்கு மட்டும்தான். உள்ளே இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெங்களூரின் தொம்மலூர், அல்சூர், இந்திராநகர் வட்டாரத்தில் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் நிறையப் பேர். அவர்களிடம் 'க்ளோசிங்' என்று ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். பேரனின் படிப்பையும் சர்க்கரை அளவையும் விட்டுவிட்டு, லெட்ஜர் ஏழு பைசா இடித்த கதைக்குப் போய்விடுவார்கள்.

அந்த உழைப்பு லேசானதல்ல. ஒவ்வொரு சேமிப்புக் கணக்கையும் எடுத்து, மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்பைக் கண்டுபிடித்து, ஆறு மாதத்துக்கும் கூட்டி, வட்டி போட வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் கடகடக்கும் ஃபாசிட் இயந்திரம் கிளைக்கு ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். கணினி வந்த பிறகும் இந்த 10ஆம் தேதி விவகாரம் ஒழியவில்லை. 11ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி இல்லை என்ற அநியாயம் 2010 மார்ச் முடியும் வரை நீடித்தது. ஏப்ரல் 1 முதல்தான் அன்றாட இருப்புக்கு வட்டி.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த கணக்கில் வெளியே இருப்பவருக்கு என்ன தெரிந்தது? ஆண்டுக்கு ஒரு முறை, பல மாதம் கழித்து, ஒரு பேலன்ஸ் ஷீட். அரையாண்டுக் கணக்கு தலைமை அலுவலகத்தோடு நின்றுவிடும். வெளியே வந்த ஆண்டுக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் தந்த பழைய லாப நட்டப் படிவத்தில், வருமானம் என்ற தலைப்பிலேயே, வாராக்கடனுக்கும் வழக்கமான, தேவையான பிற ஒதுக்கீடுகளுக்கும் எடுத்தது போக என்று போட்டிருக்கும். எவ்வளவு எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆண்டில் கொஞ்சம் கூடுதலாக எடுத்து ஒளித்துவைக்கலாம். கெட்ட ஆண்டில் அதைக் கொண்டு லாபத்தை நிமிர்த்தலாம். கள்ளக்கணக்கு அல்ல, சட்டமே கொடுத்த வசதி. உண்மை தெரிந்தால் டெபாசிட் போட்டவர்கள் பதறி ஓடிவருவார்கள் என்பது அதற்கான நியாயம்.

இதை ஒரு கல்வெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒன்று, போசள வீர ராமநாதன் தொம்மலூர் வருவாயிலிருந்து கோயிலுக்குப் பத்துப் பொன் கொடுத்ததைச் சொல்கிறது. எந்த வருவாய், எவ்வளவு, யாருக்கு, மூன்றும் கல்லில் இருக்கின்றன. 1970-களின் வங்கி ஆண்டறிக்கை அந்த அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை என்று நான் சொன்னால், ஓய்வுபெற்ற நண்பர்களுக்குக் கோபம் வருகிறது.

அவர்கள் கோபப்படட்டும். மறைத்ததைவிடப் பெரிய கோளாறு காட்டியதில் இருந்தது. ஓர் அரிசி ஆலைக்கு வங்கி ஒரு லட்சம் கடன் கொடுத்திருக்கிறது, வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆலை மூடிக்கிடக்கிறது. ஆண்டு முடிவில் கடன் கணக்கில் 16,000 ரூபாய் பற்று எழுதுவார்கள். அதே 16,000 வங்கியின் வட்டி வருமானத்தில் வரவாகும். அடுத்த ஆண்டு 1,16,000-க்கு வட்டி 18,560. ஆலையிலிருந்து ஒரு பைசா வரவில்லை. ஆனால் கடன் வளர்கிறது, வருமானம் வளர்கிறது, அந்த வருமானத்திலிருந்து வரி கட்டுகிறார்கள், பங்குதாரருக்கு டிவிடெண்டும் கொடுக்கிறார்கள். செத்த மாட்டின் பாலைக் கறந்து கணக்கெழுதியதுபோல. 1985இல் ரிசர்வ் வங்கி கடன்களை எட்டு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆரோக்கியக் குறியீடு கொடுக்கச் சொன்னது. எந்தக் கடன் நோயாளி என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தது. லாபம் எழுதும் வழக்கம் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தது.

அதை உடைத்தது, நிதித்துறைச் சீர்திருத்தத்துக்காக அமைந்த எம். நரசிம்மம் குழுவின் 1991 அறிக்கை. மறு ஆண்டே ரிசர்வ் வங்கி விதி போட்டது: கைக்கு வராத வட்டியை வருமானமாக எழுதாதே. உடனே முழு மருந்தும் கொடுத்துவிடவில்லை. 1993 மார்ச்சில் நான்கு காலாண்டு பாக்கி நின்றால் வாராக்கடன், 1994இல் மூன்று காலாண்டு, 1995இல் இரண்டு, 2004 மார்ச்சிலிருந்து 90 நாள். முதல் வாய் மருந்துக்கே பொதுத்துறை வங்கிகள் 1992-93இல் மொத்தமாகவே நட்டத்துக்குப் போயின. ஒரே ஆண்டில் அத்தனை கடன்களும் கெட்டுவிடவில்லை. எழுதும் முறை மாறியது, அவ்வளவுதான். படிவமும் அப்போதுதான் மாறியது. ஒதுக்கீடு தனி வரியாக வெளிச்சத்துக்கு வந்தது.

என் கட்சி இதுதான். கணக்கு சீக்கிரம் வருவதையும் கணினியில் வருவதையும் மாற்றம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வங்கிக் கணக்கில் நடந்த உண்மையான மாற்றம், வராத வட்டியை எந்த நாளில் லாபத்திலிருந்து எடுக்க வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு மாறிமாறிக் கிடைத்த விடை. மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை.

காலாண்டு முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் பிற்பகுதியில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி அவற்றைக் கட்டாயமாக்கியது. இன்று காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் வெளியிட வேண்டும். இடைக்கால அறிக்கைக்கென்று பட்டயக் கணக்காளர் நிறுவனம் கொண்டுவந்த 25ஆம் கணக்கியல் தரம் 2002 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக் கணக்குக்கு என்ன கொள்கையோ அதுவே காலாண்டுக்கும். நடுவில் மாற்றினால் சொல்லிவிட்டு மாற்று என்பது அதன் சாரம். இந்தக் காலாண்டில் செலவு அதிகம், நான்காகப் பிரித்துப் போட்டுக்கொள்கிறேன் என்று சமாதானம் சொல்ல முடியாது. மதிப்பீட்டுக்கு மட்டும் கொஞ்சம் இடம் உண்டு. உதாரணமாக, வங்கி ஊழியர் ஊதிய ஒப்பந்தம் 2022 நவம்பரிலிருந்து பாக்கி. கையெழுத்தானது 2024 மார்ச்சில். இடைப்பட்ட காலாண்டுகளில் உத்தேசமாக ஒரு தொகையை ஒதுக்கியே கணக்கு முடித்தார்கள். தணிக்கையாளரும் காலாண்டுக்கு முழுத் தணிக்கை செய்வதில்லை. கேள்வி கேட்டு, எண்களை ஒப்பிட்டு, பிசகாக ஏதும் கண்ணில் படவில்லை என்று கையெழுத்துப் போடுவார். அதற்கு லிமிடெட் ரிவ்யூ என்று பெயர். பெயரே எச்சரிக்கை.

கோவிட் காலத்தில்தான் இந்த ஏற்பாடு எவ்வளவு மெலிதானது என்று தெரிந்தது. கடன் தவணைக்கு ஆறு மாத அவகாசம் முடிந்ததும், எந்தக் கணக்கையும் புதிதாக வாராக்கடன் என்று அறிவிக்க வேண்டாம் என்று 2020 செப்டம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதன்பின் வந்த காலாண்டு முடிவுகளில் பல வங்கிகள் இரண்டு எண் கொடுத்தன: உத்தரவுப்படி வாராக்கடன் இவ்வளவு, உத்தரவு இல்லாதிருந்தால் இவ்வளவு. 2021 மார்ச் 23 தீர்ப்புக்குப் பிறகுதான் இரண்டும் ஒன்றாயின.

காலாண்டு அறிக்கை எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்பதற்குக் கரூரின் லட்சுமி விலாஸ் வங்கியைவிட நல்ல சாட்சி இல்லை. 1926இல் தொடங்கிய வங்கி. மறைத்து வைத்ததாகச் சொல்ல முடியாத அளவுக்கு எண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டே இருந்தன. 2019-20இல் நட்டம் 836 கோடி. தொடர்ந்து இயங்கும் நிறுவனம் என்ற அடிப்படையில் கணக்கு தயாரிக்கப்பட்டிருக்கிறது, அந்த அடிப்படையே சந்தேகத்துக்குரியது என்று தணிக்கையாளர்கள் சொல்லிவிட்டார்கள். 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஏழு இயக்குநர்களை ஓட்டுப்போட்டு வெளியேற்றினார்கள். செப்டம்பர் காலாண்டில் நட்டம் 397 கோடி. மொத்த வாராக்கடன் 24.45 சதவீதம், மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே. நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை. 27 அன்று டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு. டெபாசிட் தப்பியது, பங்கின் மதிப்பு பூஜ்யம். படித்தவருக்கு எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருந்தது. கடைசிவரை பங்கை வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்புகளைப் படித்தார்கள் என்பது வேறு கேள்வி.

குறிப்புகள் என்றதும் இன்னொன்று. 2025 மே மாதம் மங்களூருவின் கர்நாடகா வங்கி வெளியிட்ட முடிவுகளில் 1.53 கோடி ரூபாய் பற்றி ஒரு குறிப்பு இருந்தது: முழுநேர இயக்குநர்கள் தங்கள் அதிகார வரம்பைத் தாண்டிச் செய்த செலவு, வாரியம் ஒப்புதல் தரவில்லை. ஆண்டுக்கு ஆயிரம் கோடிக்கு மேல் லாபம் காட்டும் வங்கிக்கு இது தூசு. ஆனாலும் சந்தை அதைப் பேசியது. அடுத்த மாதமே நிர்வாக இயக்குநரும் செயல் இயக்குநரும் விலகினார்கள். பழைய படிவத்தில் இந்தத் தூசு எந்தத் தலைப்பில் போய் மறைந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

   

கிளை மேலாளரின் கையும் கட்டப்பட்டுவிட்டது. முன்பு மார்ச் 30 அன்று கடன்காரரைக் கூப்பிட்டு, எங்கிருந்தாவது பணத்தைப் புரட்டிக் கணக்கைச் சீராக்கி, ஏப்ரலில் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்வது ஒரு கலை. வாராக்கடனைக் கணினியே குறிக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் உத்தரவு வந்தது. அதை ஒவ்வொரு நாள் முடிவிலும் செய்ய வேண்டும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாக்கியது. 91ஆம் நாளின் இரவில், யாரையும் கேட்காமல், கணக்கு நிறம் மாறுகிறது.

இந்த இறுக்கமும் நிலைக்கப் போவதில்லை. கம்பெனிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் புதிய இந்தியக் கணக்கியல் தரங்களுக்கு எப்போதோ போய்விட்டன. வங்கிகளுக்கு மட்டும் 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதைக் காலவரையின்றித் தள்ளிவைத்தது. இப்போது அதில் ஒரு பகுதி வருகிறது. எதிர்பார்க்கும் நட்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு செய்யும் முறைக்கான வரைவு விதிகள் 2025 அக்டோபரில் வெளியாயின. 2027 ஏப்ரல் 1 தொடக்கம் என்று அதில் இருக்கிறது. 90 நாள் காத்திருக்க வேண்டாம். கடன் கெடக்கூடிய வாய்ப்பை இன்றே கணித்து ஒதுக்கு. கேட்க நல்லது. ஆனால் கணிப்பவர் மறுபடியும் வங்கிதான். விதி வாங்கிக்கொண்ட தீர்மானம் வேறு உருவத்தில் நிர்வாகத்தின் கைக்குத் திரும்புகிறது. சொன்னபடி நடந்தால், 2027 ஜூன் காலாண்டு முடிவில் நான் முதலில் லாபத்தைப் பார்க்கப் போவதில்லை. கெடும் வாய்ப்பை எந்தெந்த ஆண்டுகளின் அனுபவத்திலிருந்து எடுத்தார்கள், அதில் கோவிட் ஆண்டுகளைச் சேர்த்தார்களா, விட்டார்களா என்ற குறிப்பைத்தான் தேடுவேன்.