பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடந்தால் போதுமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். லிங்கத்துக்கு லிங்கம் நின்று கும்பிட்டு, நடுவில் ஒரு டீயும் குடித்து நடந்தால் நாலரை மணி நேரம் ஆகும். விடுவிடுவென்று நடப்பவர்கள் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். உடலுக்கு இது சின்ன வேலை அல்ல. மருத்துவர்கள் ஒரு வாரத்துக்குச் சொல்லும் நடை மொத்தமும் ஒரே இரவில் தீர்ந்துவிடுகிறது. வேலூர் சாலையில், ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மலை கண்ணெதிரிலேயே நிற்கிறது. “மாசாமாசம் சுத்திடறேன், அப்புறமும் ஏன் தேதி தள்ளித் தள்ளிப் போகுது? ஸ்கேன்ல நீர்க்கட்டினு சொல்றாங்களே” என்று இங்கே ஒரு பெண் கேட்டால் அது நியாயமான கேள்விதான். அறிவியலிடம் அதற்கு ஓரளவு தெளிவான பதிலும் இருக்கிறது.

நடக்கும்போது கால் தசைகள் சுருங்கி விரிகின்றன. அப்போது தசைச் செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும் குளுட்-4 என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்து, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. இதற்கு இன்சுலினின் தயவு தேவையில்லை. நடை முடிந்த பிறகும் சில காலம் தசை, கொஞ்சம் இன்சுலின் சுரந்தாலே போதும் என்ற பதத்தில் இருக்கும். அந்தப் பதம் ஒரு நாள் நீடிக்கலாம், மிஞ்சினால் மூன்று நாள். பௌர்ணமி இரவில் நடந்த நடையை, சங்கடஹர சதுர்த்தி வருவதற்குள் தசை மறந்துவிடும். மாதத்தின் மீதி நாட்களுக்கு அதனிடம் கையிருப்பு ஏதும் இல்லை.

மாதவிலக்குக்கும் இன்சுலினுக்கும் என்ன சம்பந்தம்? பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறில் அவை நேரடியாகச் சந்திக்கின்றன. இன்சுலினுக்கு உடல் மந்தமாகிவிட்டால் கணையம் அதை மேலும் மேலும் சுரக்கும். அளவுக்கு மீறிய இன்சுலின் இரண்டு இடங்களில் வேலையைக் காட்டும். சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். கல்லீரலில், அந்த ஹார்மோன்களைக் கட்டிப்போடும் ஒரு புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துவிடும். கட்டவிழ்ந்த ஹார்மோன் முகத்தில் பருவாகவும் தாடையில் முடியாகவும் தெரியும். உள்ளே கருமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படும். ஸ்கேனில் கொத்தாகத் தெரிகிறவை அப்படிப் பாதி வளர்ச்சியில் நின்ற முட்டைப் பைகள்; அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தக் கோளாறின் நவீன வரலாறு தொடங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 40 வயதுவரையிலான ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. கறாரான வரையறையில் 7.2 சதவீதம் பேருக்கும், பரவலாகப் பயன்படும் ராட்டர்டாம் வரையறையில் 19.6 சதவீதம் பேருக்கும் பிசிஓஎஸ் இருந்தது.

“நான் ஒல்லிதானே” என்று தேறுதல் கொள்ளவும் முடியாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் உடலையே அளந்து ‘லான்செட்’ இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒரே 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவரும் ஆண்கள் என்றாலும், மெலிந்த இந்திய உடலுக்குள் கொழுப்பு எப்படி ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்ட அந்த ஒரு பக்கமே போதும்.

இயற்கை வழி என்று ஆயிரம் சொல்லப்படுகிறது. அவற்றில் எனக்கு அதிக மதிப்புள்ளதாகப் படுவது ஆந்திரத்தின் அனந்தபூரில் நடந்த ஓர் ஆய்வு. விடுதியில் தங்கிப் படித்த, 15 முதல் 18 வயதுவரையிலான, பிசிஓஎஸ் உள்ள 90 மாணவியரைப் பெங்களூருவின் விவேகானந்த யோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராம் நிதி குழுவினர் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் ஒரு மணி நேரம் யோகா: சூரிய நமஸ்காரம், ஆசனம், மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி. மற்ற பிரிவுக்கு அதே ஒரு மணி நேரம் சாதாரண உடற்பயிற்சி. பன்னிரண்டு வாரம் கழித்து இரு பிரிவினரின் எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் யோகா பிரிவில் டெஸ்டோஸ்டிரோனும் இன்சுலின் மந்தமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. மாதவிலக்கு முன்பைவிட அடிக்கடி வந்தது. எடை இறங்கினால்தான் ஹார்மோன் இறங்கும் என்று நினைப்பவர்களுக்கு இது செய்தி. விடுதிப் பிள்ளைகள் என்பதால் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே கால அட்டவணை. ஆய்வாளர்களுக்கு அது வசதி. அடுப்படியையும் பேருந்தையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் சமாளிக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும் என்பதை எந்த ஆய்வும் சொல்லித் தருவதில்லை. இதே மாவட்டத்தில் செய்யாறு சிப்காட்டுக்கு விடியுமுன் கம்பெனி பஸ் ஏறும் பெண்களை நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல் கேட்பது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடற்பயிற்சி. கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுவேற்றும் பயிற்சி. ஒரே மூச்சில் என்று அது சொல்லவில்லை. இருபது நிமிடம் காலையில், இருபது நிமிடம் சாயங்காலம் என்று கிரிவலப் பாதையைத் துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும். அருணாசலேஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நிலவுக்கும் மாதவிலக்குக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.5 நாள். கைபேசிச் செயலியில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை 2019இல் அலசியபோது சராசரி 29.3 நாள் வந்தது. கேட்கச் சிலிர்ப்பாக இருக்கும். ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் சுழற்சிகள் ஏகத்துக்கும் சிதறிக் கிடக்கின்றன. பாடப்புத்தகம் சொல்லும் 28 நாள் சுழற்சி வெறும் 13 சதவீதம்தான்.

இனி சாப்பாடு. ஆரணி அரிசி விளையும் மாவட்டமும் இதுதான், ஜவ்வாது மலையில் சாமை விளையும் மாவட்டமும் இதுதான். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த சாமை ரகத்துக்கு ஏடிஎல்-1 என்று பெயர். சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டின் ஆய்வாளர்கள் 2021இல் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது சிறுதானியங்களின் சராசரிக் குறியீடு 52.7. தீட்டிய அரிசியையும் மைதாவையும்விட அது கணிசமாகக் குறைவு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாமையையும் மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டி, அதை மாவாக்கிக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். உமி மட்டும் நீக்கிய சாமையைச் சோறாக வடித்து, பக்கத்தில் பருப்பும் கீரையும் வைத்துச் சாப்பிடுவதே பலன். மேலே சொன்ன 2023 வழிகாட்டுதல், பிசிஓஎஸ்ஸுக்கு இன்ன உணவுமுறைதான் சிறந்தது என்று எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை. சாமை ஒரு நல்ல தானியம். அதை மருந்தாக்கி விலையேற்றுவது வியாபாரம்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கும் வழக்கத்தை நான் குறைத்து மதிக்கமாட்டேன். 100 கிராம் உளுந்தில் 23 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. நல்லெண்ணெய் சேர்ந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கும் நிலையில் புரதத்தை வேண்டாம் என்பது மடமை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பெண்கள் அதிக எடையோடும் இருந்தார்கள். ஆகவே களியில் சேர்க்கும் கருப்பட்டியில் கொஞ்சம் கை அடக்கம் நல்லது. கருப்பட்டி எத்தனை கறுப்பாக இருந்தாலும் கணையத்துக்கு அது சர்க்கரைதான்.

நாட்டு மருந்துக் கடைக்கு வருவோம். நீர்க்கட்டிக்குக் கழற்சிக்காய்ப் பொடி, மலைவேம்புச் சாறு, தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப் பட்டை என்று யூடியூபைப் பார்த்துக் கேட்டு வாங்குபவர்கள் ஏராளம். கழற்சிக்காய் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எலியோடு நின்றுவிட்டன. அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை விற்கப்படுவது மருந்துத் தாவர ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் மோசடி. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தினமும் கஷாயமாகக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, சர்ச்சை தொடர்ந்தது. நாடி பார்த்து, ஆளைப் பார்த்து மருந்து தரும் சித்த மருத்துவரைப் பற்றியதல்ல இந்தக் குறை. கைபேசியைப் பார்த்துத் தானே மருத்துவராவதைப் பற்றியது.

வெந்தயம் கொஞ்சம் மேல். அதன் வழவழப்பான நார் குடலில் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. 1990இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அளவு நாளுக்கு 100 கிராம், அதுவும் கொழுப்பு நீக்கிய பொடி. நாம் இரவில் ஊறவைப்பது ஒரு தேக்கரண்டி, சுமார் ஐந்து கிராம். வெந்தயத்தில் டயோஸ்ஜெனின் இருக்கிறது, அது உடலில் பெண் ஹார்மோனாக மாறும் என்று ஒரு கதை உலவுகிறது. மாறாது. மனித உடலில் அதற்கான நொதிகள் இல்லை. மாற்றியவர் அமெரிக்க வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர். 1940களில், மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து, ஆய்வகத்தில். அவர் தொடங்கிவைத்த சின்டெக்ஸ் நிறுவனத்தில் 1951இல் லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற இளைஞர் அதே வழியில் நோரெத்திஸ்டிரோனைத் தயாரித்தார்.

அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் அந்த மாத்திரையைத் தெரியாத பெண்கள் நம் ஊரில் குறைவு. கார்த்திகை தீபத்துக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ ‘தேதியைத் தள்ளிப்போட’ மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை அதுதான். ஹார்மோன் மாத்திரை என்றாலே பயந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மூலையில் போட்டுவிட்டுக் கழற்சிக்காய்க்குப் போகிற அதே வீட்டில், திருவிழா வந்தால் இந்த மாத்திரை தினம் மூன்று வேளை உள்ளே போகிறது. உடலுக்குள் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறும். ரத்தம் உறையும் தன்மை உள்ளவர்களுக்கும், அதிக எடை உள்ளவர்களுக்கும், கண்ணில் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். தேதியே நிச்சயமில்லாத பிசிஓஎஸ் பெண் எதைத் தள்ளிப்போடுகிறார் என்பது வேறு விஷயம்.

கடைசியாக உப்பு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மாதவிலக்கு தாறுமாறாகும். அந்தச் சுரப்பைத் தூண்ட மூளை அனுப்பும் சமிக்ஞை புரோலாக்டினையும் சேர்த்து உயர்த்தும். அது கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கும். தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். 2018-19இல் நடந்த தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களிலேயே மிகக் குறைவு. தூத்துக்குடியில் மலைமலையாக உப்பு விளையும் மாநிலத்தின் நிலைமை இது. இதற்கு நடுவே ‘இயற்கை’ என்று நம்பி அயோடின் சேர்க்காத இந்துப்புக்கும் கல்லுப்புக்கும் மாறுகிற குடும்பங்கள் கூடிக்கொண்டிருக்கின்றன. இயற்கை வழிகளில் எனக்கு உண்மையாகவே எரிச்சலூட்டுவது இது ஒன்றுதான். சிறுதானியம் உண்பவர்களுக்கு அயோடின் இன்னும் முக்கியம். சூடானின் டார்ஃபுரில் கம்பையே முதன்மை உணவாகக் கொண்ட, அயோடின் குறைந்த மக்களிடம் கழுத்துக் கழலை மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கம்பங்கூழை விட வேண்டியதில்லை. அதில் போடும் உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும்.

வயதுக்கு வந்து முதல் வருடம் மாதவிலக்கு முன்பின் ஆவது இயல்பு. அதற்காகப் பிள்ளையை ஸ்கேனுக்கு இழுத்துச் செல்ல வேண்டாம். மூன்று வருடத்துக்குப் பிறகும் 35 நாளைத் தாண்டினாலோ 21 நாளுக்குள் வந்தாலோ காட்ட வேண்டும். மூன்று மாதம் வரவே இல்லையென்றால் எந்தக் கஷாயத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது. கருமுட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் புற்றுநோய் வரை போக வாய்ப்புண்டு. மணமான பெண்ணுக்கு முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு தைராய்டு, பிறகு சர்க்கரை. பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவும் அதே வளாகத்தில் இருக்கிறது. அங்கே சூரணம் வாங்குபவர் பக்கத்து அறையில் மெட்பார்மினும் வாங்கினால், இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டையும் காட்டிவிடுவது நல்லது. மெட்பார்மின் சர்க்கரையைக் குறைக்கும். சூரணமும் குறைக்கக் கூடும்.