பக்கத்து மேசையிலிருந்த பெரியவர்

தொழிலுக்குப் புதியவரை அச்சுறுத்துவது பெரும்பாலும் வேலையின் கடுமை அன்று. அதனைத் தனியே சுமக்கவேண்டியிருக்கிறதே என்னும் எண்ணமேயாகும். இவ்வச்சத்தை நன்கறிந்து ஆக்கப்பட்ட யப்பானியத் தொடரொன்று உண்டு. ‘சிரோபாக்கோ’, அதாவது ‘வெள்ளைப் பெட்டி’, என்பது அதன் பெயர். அனிமே எனப்படும் சித்திரப் படங்களை உருவாக்குவோரின் அன்றாட வாழ்வே அதன் பொருள். மிசுசிமா சுதோமுவின் நெறியாள்கையில், 2014 ஒக்டோபர் முதல் 2015 மார்ச் வரை 24 பகுதிகளாக அது ஒளிபரப்பாயிற்று. களைத்த மனத்துக்கு ஆறுதல் தருவது அதன் 12ஆம் பகுதி.

மியாமோரி ஆவோய் என்னும் இளம்பெண் ஒரு படநிலையத்தில் தயாரிப்பு உதவியாளர். ஓவியர்களுக்கு வேலையைப் பகிர்ந்தளித்து, குறித்த நாளில் அதனைப் பெற்றுவருவது அவள் கடமை. அந்நிலையத்தார் ஆக்கும் படத்தின் இறுதிக் காட்சியிலே குதிரைக் கூட்டமொன்று பாய்ந்தோட வேண்டும் என்கிறார் நெறியாளர். இது எளிய செயலன்று. ஓட்டத்தின் முக்கிய நிலைகளை ஓர் ஓவியர் வரைய, இடைப்பட்ட நிலைகளைப் பிறர் வரைந்து நிரப்புவர். முதலில் வரைபவர் குதிரையின் கால் பெயரும் முறையையும் தசையின் அசைவையும் அறியாவிடின், பின்வரும் படங்கள் யாவும் பிழைபடும். ஒளிபரப்பு நாளோ நெருங்குகிறது. தக்க ஓவியரைத் தேடி அலைந்த ஆவோய்க்கு, புகழ்பெற்ற நெறியாளர் ஒருவர் வழிகாட்டுகிறார்: அத்தகையவர் அவளுடைய காரியாலயத்திலேயே இருக்கிறார்!

அவர்தாம் சுகியே என்னும் முதியவர். அழகிய சிறுமியரை வரையும் புதுப்பாணி அவருக்குக் கைவரவில்லை. ஆதலால் நிலையத்தின் முதன்மையான வேலைகள் அவரை நாடவில்லை. விலங்குகளை வரைவதிலோ அவர் வல்லவர். ஆவோய் சிறுவயதில் விரும்பிய சித்திரத் தொடர் ஒன்றிலும் அவரது கைவண்ணம் இருந்தது.

அவள் வேண்ட, முதியவர் இசைகிறார். இளம் ஓவியர்கள் அவரைச் சூழ்கின்றனர். அவர் வரைந்து காட்டுகிறார், வேலையைப் பங்கிடுகிறார், அவர்கள் கைகளையும் திருத்துகிறார். ஒருவர் தலையில் இருந்த பாரம் பலர் தோளுக்கு மாறுகிறது.

மூத்தவரின் ஆதரவு என்பது முதுகில் தட்டிச் சொல்லும் நல்வார்த்தை மட்டுமன்று. தாம் கற்ற தொழிலை இளையவர் அருகிருந்து காட்டித் தருவதே அதன் உயர்ந்த வடிவம். கேட்கப்படாமல் ஒதுங்கியிருந்த முதியவருக்கும் அந்நாள் புதுவாழ்வு தருகிறது. உதவி கேட்பது தாழ்வென எண்ணி மனத்துக்குள் தவிக்கும் இளையோர் இதனை உணர்தல் நன்று: கேட்பவருக்கு வழி பிறக்கிறது, கேட்கப்பட்டவருக்கு மதிப்புப் பிறக்கிறது.