ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ‘ஊ...ங்’ சத்தமா? ஹப் பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடத்துக்கு தினமும் வேலைக்குப் போய்வருபவர்களில் சிலருக்கு இந்த அனுபவம் இருக்கும். வண்டி 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் கீழே எங்கிருந்தோ ‘ஊ...ங்’ என்று ஒரு சத்தம். பாட்டு வால்யூமைக் கூட்டினால் கேட்காது. அதனாலேயே பலரும் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிவிடுகிறார்கள்.

அது சக்கரத்தின் ஹப் பேரிங் தேய்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சக்கரம் ஆட்டம் காணும், ஏபிஎஸ் பாதிக்கும். முற்றிப்போனால் ஓடும்போதே பேரிங் இறுகி நிற்கவும், சக்கரம் கழன்று போகவும் வாய்ப்பு உண்டு.

இதை வீட்டு வாசலிலேயே மாற்ற முடியுமா? சில வண்டிகளில் முழுசாக முடியும். மற்றவற்றில் பாதி வேலை வீட்டில், மீதி பட்டறையில்.

பேரிங் ஏன் கெட்டுப்போகிறது?

வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டே சக்கரத்தை உரசல் இல்லாமல் சுழலவைப்பது ஹப் பேரிங். உள்வளையம், வெளிவளையம், நடுவில் உருளும் குண்டுகள், கிரீஸ், இவற்றை மூடும் ரப்பர் சீல், அவ்வளவுதான். பள்ளத்தில் வேகமாக இறங்கினால் குண்டுகள் வளையத்தில் தடம் பதிக்கும். தண்ணீரில் நீண்ட நேரம் ஓட்டினால் சீல் வழியாக ஈரம் புகுந்து கிரீஸ் கெட்டு, துரு பிடிக்கும். 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. ‘நம்ம வண்டி ஃபோர் வீல், எந்தத் தண்ணியிலும் போகும்’ என்பது சரிதான். ஆனால், பேரிங் சீல் அதற்கு உத்தரவாதம் தராது.

டயர் சத்தமா, பேரிங் சத்தமா?

பெரிய பட்டன் வைத்த மட் டெரெய்ன் டயர்களும் இதேபோல சத்தம் போடும். சாலையின் தன்மை மாறும்போது சத்தமும் மாறினால் டயராக இருக்கலாம். எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி, வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங் மீது சந்தேகப்படலாம்.

ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மிதமான வேகத்தில் மெதுவாக இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். எடை வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங். வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடப்பக்கம். பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் இருக்கிறதா, கையால் சுற்றும்போது கரகரப்பு தெரிகிறதா என்று பார்க்கலாம். பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் ஆட்டம் வரும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் வண்டியில் எந்த வகை?

பழைய மகிந்திரா ஜீப்களில் டேப்பர் ரோலர் பேரிங். கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, நட்டை இறுக்கி ஆட்டத்தைச் சரிசெய்யலாம். இரண்டாவது, ஹப்போடு ஒரே யூனிட்டாக வரும் போல்ட் வகை. சில போல்ட்டுகளில் கழன்று வரும் என்பதால் வீட்டில் மாற்ற இதுவே சுலபம். மூன்றாவது, நக்கிளுக்குள் அழுத்திப் பொருத்தும் பிரஸ் வகை. இதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். ஒரே மாடலில்கூட முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுபடலாம். எனவே, சேசிஸ் நம்பரைச் சொல்லி பார்ட் நம்பரை உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும்.

வீட்டில் செய்யும் வேலை

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். காஞ்சிபுரத்தில் தேர் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டையின் அருமை தெரியும். இங்கேயும் முதல் வேலை, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது. ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அதை நம்ப முடியாது. ஜாக்கியில் தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யவே கூடாது.

ஃபோர் வீல் டிரைவில் இன்னொரு எச்சரிக்கை: ஒரு சக்கரத்தைத் தூக்கிவைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியர் போட்டுப் பார்க்கக் கூடாது. தரையில் இருக்கும் சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடலாம்.

சக்கரம், ஆக்ஸில் நட், காலிபர், டிஸ்க், ஏபிஎஸ் சென்சார் என வரிசையாகக் கழற்ற வேண்டும். காலிபரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். டிரைவ் ஷாஃப்ட்டையும் அப்படித்தான். முன்சக்கர டிரைவ் கார்களில் பின்பக்கம் ஷாஃப்ட் கிடையாது. ஃபோர் வீல் டிரைவில் நான்கு பக்கமும் உண்டு. தொங்கவிட்டால் உள் ஜாயின்ட் கழன்று வரும், ரப்பர் பூட் கிழியும்.

போல்ட் வகை என்றால் இங்கேயே மாற்றிவிடலாம். பிரஸ் வகை என்றால் நக்கிளை மட்டும் கழற்றி, பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போகலாம். வண்டி வீட்டிலேயே ஸ்டாண்டில் நிற்கட்டும்.

சுத்தியலால் அடித்து ஏற்றினால் என்ன?

நெசவு ஊர்க்காரர்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு தகவல். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு நெசவாலையில் பொறியாளராக இருந்தவர் ஸ்வென் விங்குவிஸ்ட். ஆலைத் தண்டுகள் கோணலாகி பேரிங்குகள் அடிக்கடி கெட்டுப்போவதைப் பார்த்து, கோணலைத் தாங்கும் பால் பேரிங்கை உருவாக்கினார். 1907இல் எஸ்கேஎஃப் நிறுவனம் பிறந்தது இப்படித்தான். ஆனால், கார் ஹப் பேரிங் அந்த வகை இல்லை. கோணலாக ஏற்றினால் தாங்காது.

நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கல் கொடுக்க வேண்டும். மாற்றி அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய், புது பேரிங் முதல் நாளே பழசாகிவிடும். பட்டறையில் பக்கத்தில் நின்று இதை மட்டும் கவனித்தால் போதும். பல பேரிங்குகளின் ஒரு பக்கத்தில் ஏபிஎஸ்ஸுக்கான காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். மாறிப் போனால் ஏபிஎஸ் லைட் எரியும்.

தேருக்கு அச்சாணி, காருக்கு ஆக்ஸில் நட்

வீட்டில் அதிகம் தவறு நடக்கும் இடம் இது. பல வண்டிகளில் ஆக்ஸில் நட்டை 200 நியூட்டன் மீட்டருக்கும் மேல் இறுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு விசை கிட்டத்தட்ட அவ்வளவு. ‘கை கணக்கு’ இங்கே சரிவராது. டார்க் ரெஞ்ச் கட்டாயம். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இந்த நட்தான் பேரிங்கின் உள்வளையங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, சக்கரத்தைத் தரையில் இறக்குவதற்கு முன்பே முழு அளவுக்கு இறுக்கிவிடுங்கள். நட் தளர்ந்திருக்கும்போது வண்டியை ஒரு அடிகூட உருட்டக் கூடாது. ஒருமுறை மட்டுமே பயன்படும் நட் என்றால் புதுசு போடுங்கள்.

முடித்ததும் பிரேக் பெடலை சில முறை மிதித்து கெட்டியான பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, சத்தம், ஏபிஎஸ் லைட், ஹப் சூடு மூன்றையும் பாருங்கள். நக்கிளைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், உதவிக்கு ஒரு ஆள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அதுவரை வேகத்தைக் குறைத்து, பாட்டு வால்யூமையும் கொஞ்சம் குறைத்தே ஓட்டுங்கள்.