தொலைநோக்கியின் கால்

மலிவான தொலைநோக்கியை வாங்கிச் சலித்துப்போனவர்கள் பெரும்பாலும் கண்ணாடியைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் குறை அநேகமாக அதைத் தாங்கும் காலில்தான் இருக்கிறது. 60 மில்லிமீற்றர் வில்லையும் 700 மில்லிமீற்றர் குவியத் தூரமும் கொண்ட குழாயில் 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் போட்டால் 70 மடங்கு பெருக்கம் கிடைக்கும். சனியின் வளையத்தைக் காண இது போதும். (பெட்டியில் அச்சிட்டிருக்கும் 525 மடங்கை மறந்துவிடலாம், இந்த வில்லைக்கு 120தான் உச்சம்.) ஆனால் நடுக்கமும் அதே 70 மடங்கு பெருகும். குவியக் குமிழைத் தொட்டதும் கோள் துள்ளும். அது அடங்கிச் சற்றுப் பார்ப்பதற்குள், பூமி சுழல்வதால், மூன்று நிமிடமளவில் கோள் பார்வையை விட்டே நழுவிவிடும். திரும்பக் குழாயைத் தொடவேண்டும், திரும்பவும் துள்ளல்.

இதற்குக் கடைக்காரர் காட்டும் மருந்து, துருவ அச்சில் சுழலும் விலைகூடிய தாங்கி. யாழ்ப்பாணத்து அரியாலைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே அகலக்கோடு 10 பாகைக்கும் குறைவு. துருவ நட்சத்திரம் அடிவானை ஒட்டிப் பனைகளுக்குள் மறைந்துகிடக்கும். ஐரோப்பிய, அமெரிக்க வானத்தை மனதில் வைத்துச் செய்த மலிவுத் தாங்கிகள் பல இவ்வளவு தாழச் சரியமாட்டா; சரிந்தாலும் எதிரெடைத் தண்டு முக்காலியில் இடிக்கும். மேலுங்கீழும், இடம்வலமும் மட்டும் திரும்பும் மரப்பெட்டியே இங்கு தோது. அதைப் பரப்பிய ஜோன் டொப்சன் 1944 முதல் 1967 வரை கலிபோர்னியாவில் வேதாந்த மடத்துத் துறவி. கையில் காசில்லாததால் கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார், ஒட்டுப்பலகையில் தாங்கி அடித்தார்.

பெட்டியின் நுட்பம் உராய்வில் இருக்கிறது. அடித்தட்டில் மூன்று டெஃப்லோன் துண்டுகள், அவற்றின்மேல் ஃபோர்மிக்கா ஒட்டிய பலகை. இவற்றுக்கிடையே, நகரத் தொடங்கும்போதும் நகரும்போதும் உராய்வு ஏறக்குறைய ஒன்றே. அதனால் விரலால் தள்ளினால் வெட்டி இழுக்காமல் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். துண்டுகள் மூன்றாக இருப்பதால் தட்டு ஆடாது. குழாயின் எடை சமப்படும் இடத்தில் இரு பக்கமும் பிவிசி குழாய் மூடிகளைப் பொருத்தி, பலகையில் வெட்டிய பள்ளங்களில் உட்கார்த்தினால் மேலுங்கீழுமான அசைவும் சரி. வில்லைத் தொலைநோக்கியில் கீழ்நுனியில்தான் கண் வைக்கவேண்டும் என்பதால் பெட்டியைக் கனமான உயர்ந்த பீடத்தில் ஏற்றவேண்டும். தச்சு வேலைக்கு வசதியில்லாதவர்கள் இருக்கிற முக்காலியின் கால்களை நீட்டாமல், நடுவில் மணல்பை கட்டித் தொங்கவிட்டாலே கணிசமான வித்தியாசம் தெரியும். குழாயைத் தட்டிப் பாருங்கள்: இரண்டு செக்கனுக்குள் படம் அடங்கினால் நல்ல கால்.

கண்ணாடியே மோசமென்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழாயை மணல் மூட்டையில் கிடத்தி, பகலில் கடல்நீரேரிக்கு அப்பாலுள்ள மரத்தலையொன்றைப் பாருங்கள் (சூரியன் பக்கம் திருப்பவே கூடாது). அசைவற்ற குழாயிலும் ஓலை விளிம்பு மங்கினால் பலகைக்குச் செலவழிப்பது வீண். நீண்டநேரப் படம்பிடிப்புக்கும் இப்பெட்டி உதவாது; அந்த ஆசைக்கு வேறு செலவு உண்டு. மூன்றாவது ஆட்சேபம்தான் நமக்கு மெய்யாகவே பொருந்துவது. குழாய் செங்குத்தாக நிற்கையில் சிறு நகர்வுக்கும் பெட்டியை வெகுவாகச் சுற்றவேண்டிவரும். இங்கோ கோள்கள் தெற்கே மிகச் சாய்ந்த காலத்திலும் உச்சமடைகையில் 50 பாகைக்கு மேலே ஏறிவிடுகின்றன. சில ஆண்டுகளில் வியாழன் நேர் உச்சிக்கே வரும். அது மேற்கே 15 பாகை சரிய ஒரு மணித்தியாலம் போதும். சித்திரை, வைகாசி இரவென்றால் அந்த இடைவெளியில் பெட்டியைத் தெற்கே திருப்பி, இலண்டன்காரருக்கு ஒருபோதும் உதிக்காத ஒமேகா சென்டோரி விண்மீன் கொத்தைப் பார்க்கலாம்.