மாவளிப் பொறியும் தீக்குச்சி மருந்தும்

தீபாவளி நெருங்கிவிட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேச்சு பட்டாசைப் பற்றித்தான். யார் வீட்டில் எத்தனை சரம், யாருடைய அண்ணன் வெடியைக் கையில் பிடித்து வீசினான் என்பதெல்லாம் பெருமையாகப் பேசப்படும். இவ்வாண்டு பண்டிகை முடிந்து பள்ளி திறந்த அன்று அந்தப் பேச்சே எழவில்லை. பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் விடுதித் தோழியின் தம்பி, தீக்குச்சி மருந்தைச் சேர்த்துத் தானே வெடி செய்ய முயன்று, வலக்கையில் இரண்டு விரல் நுனிகளை இழந்திருந்தான். அவனுக்கு வயது 12. "சும்மா செஞ்சு பார்த்தேன்க்கா" என்று மட்டும் அவளிடம் சொன்னானாம்.

செய்து பார்க்கும் ஆசை குற்றமா? அறிவியல் கற்பிக்கும் சகோதரி அப்படிச் சொல்லவில்லை. "நெருப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதற்கு வேறு வழி இருக்கிறது" என்றார். திருக்கார்த்திகைக்கு முந்தின நாள் எங்களில் ஆறு பேரை அழைத்துக்கொண்டு அத்தோழியின் ஊருக்கே புறப்பட்டார். அங்கே அவளுடைய தாத்தா எங்களுக்கு மாவளி கட்டக் கற்றுத்தந்தார்.

ஆம்பூர், வேலூர் நகரங்களில் வளரும் தோழியர் பலர் மாவளியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வட மாவட்டக் கிராமங்களில் கார்த்திகை இரவில் பிள்ளைகள் சுற்றும் பொறிதான் அது. கடையில் வாங்க வேண்டியதில்லை. எல்லாம் பனைமரம் தருகிறது. காய்க்காத ஆண் பனையை அலகுப் பனை என்பார்கள். அதன் அடியில் உதிர்ந்து காய்ந்து கிடந்த பூக்களைக் கூடை நிறையப் பொறுக்கினோம். தாத்தா அவற்றைக் குழியிலிட்டுக் கொளுத்தி, நன்றாகக் கனிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். "விடியிற வரைக்கும் திறந்துடாதீங்க கண்ணு, அப்புறம் சாம்பல்தான் மிஞ்சும்" என்றார். காற்று புகுந்தால் கரி முழுவதும் எரிந்துபோகும் என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே அவர் அறிந்திருந்தார்!

மறுநாள் கரியை அம்மியில் மைபோல் அரைத்தோம். எங்கள் முகங்களைப் பார்த்துச் சகோதரி சிரித்த சிரிப்பை இங்கே எழுதத் தேவையில்லை. பழைய வேட்டித் துணியை நீளப் பையாகத் தைத்து, தூளை அடைத்து, நூலால் இறுகச் சுற்றினோம். அதைப் பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, மட்டையில் நீளக் கயிறு பூட்டினோம். கயிறு கையை அறுக்காமலிருக்க, ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒருத்தியின் அப்பா கொடுத்தனுப்பிய தோல் துண்டு உதவியது.

இப்போது காரணத்தைப் பார்ப்போம். கரி எரியப் பிராணவாயு வேண்டும். மாவளியில் இருப்பது வெறும் கரி. தனக்கு வேண்டிய பிராணவாயுவை வெளிக்காற்றிலிருந்துதான் அது பெற வேண்டும். ஆகவே மேலே உள்ள தூள் கனலும்போது உள்ளே உள்ள தூள் காத்திருக்கிறது. கயிற்றைச் சுழற்றினால் கொல்லன் துருத்தி ஊதியதுபோல் காற்று பட்டுக் கனல் சிவக்கிறது. கனிந்த துகள்கள் வேகத்தால் பிய்த்துக்கொண்டு பூவாய்ச் சிதறுகின்றன. மாவளி வெடிப்பதில்லை.

தீக்குச்சியின் கதை வேறு. தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன குடியாத்தம் நமக்கு அருகில்தான் இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகம் முதலியவையும். இந்தக் குளோரேட்டுக்குள்ளேயே பிராணவாயு அடங்கியிருக்கிறது. அதனால் அது வெளிக்காற்றுக்குக் காத்திருப்பதில்லை. ஒரு குச்சியில் இருப்பது கடுகளவு, திறந்த வெளியில் எரிகிறது, கெடுதல் இல்லை. அதையே சேர்த்து ஓரிடத்தில் அடைத்தால், நொடியில் பெருகும் சூடான வாயு வெளியேற வழியின்றி அடைத்ததையே பிளக்கிறது. பற்றவைக்கக்கூட வேண்டாம், ஓர் உரசல், ஓர் இடி போதும். அந்தத் தம்பி தீ வைக்கவே இல்லை, அழுத்தினான், அவ்வளவுதான்.

குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிமருந்தை 1992-ஆம் ஆண்டு மத்திய அரசு தடைசெய்தது. தீக்குச்சித் தலை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. சிவகாசியில் உரிமம் பெற்ற ஆலைகளும் தொடக் கூடாத கலவையைத்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து சுரண்டுகிறார்கள். இதைப் படிக்கும் பெற்றோர், காலித் தீப்பெட்டிகள் ஏன் குவிகின்றன என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

மாவளியும் நெருப்புதான். கூரை வீட்டையும் வைக்கோற்போரையும் விட்டு விலகி, ஏரிக்கரையில்தான் தாத்தா சுற்றவிட்டார். பாவாடை தாவணியை இழுத்துச் செருகச் சொன்னார். எங்கள் முதல் மாவளி இரண்டு சுற்றில் அவிழ்ந்து விழுந்தது, கட்டு தளர்ச்சி. இரண்டாவது அணைந்தே போயிற்று. மூன்றாவதில் தாத்தா தாமே தணலை வைத்து ஊதிக் கொடுத்தார். இருட்டில் பொன்வட்டம் ஒன்று எழுந்து, பொறிகள் கரையெங்கும் கொட்டின.

தம்பி அதுவரை எட்டவே நின்றிருந்தான். கைக்கட்டு அவிழ்த்துச் சில நாட்களே ஆகியிருந்தன. அவன் அக்கா கயிற்றை நீட்டினாள். கொஞ்சம் தயங்கி, இடக்கையால் வாங்கிக்கொண்டான். எங்கள் எல்லாரையும்விட அவன்தான் நெடுநேரம் சுற்றினான்.